எட்டு வருடம் பயன்படுத்திய இரட்டைக்குழி கக்கூஸ்: எங்கள் வீட்டு அனுபவம்

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் எங்கள் ஊர். 2017 மே மாதம் அங்கே அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இரட்டைக்குழி கக்கூஸ் கட்டினோம். எட்டு வருடம் ஓடிவிட்டது. இடையில் முதல் குழி நிரம்பி, இரண்டாவது குழிக்கு மாற்றி, நிரம்பியதை ஆறப்போட்டு, 2024 மே மாதம் அதைத் திறந்து நாங்களே அள்ளியும் முடித்துவிட்டோம். கட்டிய புதிதில் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கட்டாமலேயே அதெல்லாம் சரிப்படாது என்பவர்கள் அதைவிட அதிகம். ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் என் கண்ணில் அதிகம் படவில்லை, அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிராமத்தில் ஐந்து முதல் ஏழு பேர் வரை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. குறைகள் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஊரில் பலரும் இதை வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: குழி ரொம்பிரும். அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி மதுரைக்கு வரும் வரை எனக்கும் கண்மாய்க்கரைதான். ஆண்களுக்குக் கரையின் மேல்பக்கம், பெண்களுக்கு ரோட்டோரத்துச் சீமைக்கருவேலங்காடு. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, நடுவில் வயிறு கலங்கினால் அன்றைக்கு யாருக்கும் சொல்ல முடியாத அவஸ்தை. நாங்கள் போகும் நேரமும் சாயங்காலக் கடைசி பஸ் வரும் நேரமும் ஒன்று. வளைவில் திரும்பும்போது பஸ் லைட் அடிக்கும், உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சேலையை இறக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், பஸ் தாண்டியதும் திரும்ப உட்காருவார்கள். அடுத்தது ஒரு பைக், திரும்பவும் எழுந்திருக்க வேண்டும். முட்டி வலியோடு என் அம்மா ஐம்பத்தெட்டு வயதிலும் அப்படி எழுந்து நின்றிருக்கிறார். மத்தியானம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ராத்திரிச் சோற்றைக் குறைத்துக்கொள்வது, தூரம் வரும் நாட்களில் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது, இதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. எங்கள் ஊர் மட்டும் விதிவிலக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் கழிப்பறை கிடையாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் வந்தது. குளிக்க, துவைக்க, கழிப்பறை போக எல்லாம் ஒரே இடத்தில், நல்ல யோசனை. எங்கள் ஊரில் முதல் ஒன்றரை வருடம் அருமையாக ஓடியது, பெண்கள் கூட்டமாகத் துவைக்கப் போவார்கள். மோட்டார் காயில் புகைந்த கோடையில் தண்ணீர் நின்றது, தண்ணீர் நின்ற ஒரு வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, பிறகு பூட்டுப் போட்டார்கள். இப்போது அந்தச் சுவரைச் சுற்றிலும் கருவேலம் வளர்ந்து கிடக்கிறது. யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. பொதுவில் இருக்கும் கக்கூஸை தினமும் கழுவ ஒரு ஆளும் அவருக்குச் சம்பளமும் வேண்டும், அதை யோசிக்காமல் கட்டடத்தை மட்டும் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை பாரதம் வந்தது, வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு ஒப்பந்தத்தில் ஒரே மாதிரி கட்டிக் கொடுத்தார்கள். குழி இரண்டு இருந்தது உண்மைதான், ஆனால் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குக் குழாய் போட்டு இரண்டையும் தொடராக இணைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் சேர்ந்தே நிரம்பும், ஒன்றை ஆறப்போடவே முடியாது, இரட்டைக்குழி என்பதற்கே அர்த்தம் இல்லை. கதவு தகரம், கீழ்ப்பக்கம் இரண்டே வருடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கும். அதில் மூன்று வீட்டில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்தார்கள், ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டி கட்டிக் கிடந்தது. எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் "எனக்கு இந்தக் கண்ராவி வேண்டாம்டி, நான் காட்டுக்கே போயிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

என் மனதை மாற்றியது ஒரு செய்திப்படம். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்கதேவிபள்ளி என்ற கிராமத்தில், தூய்மை பாரதத்தை நடத்திய மத்தியச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழிக்குள் இறங்கி, ஆறிப்போன எருவை அள்ளிக் கையில் காட்டினார். கூட மற்ற மாநில அதிகாரிகளும் இறங்கினார்கள். அதைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் நாலு தடவை பார்த்துவிட்டுப் போன் போட்டான். "அக்கா, இது நெசமா எருவாத்தான் ஆகுமா?" ஆகும் என்று அப்போது நான் படித்ததை வைத்துத்தான் சொன்னேன். இன்றைக்குப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், ஆகும்.

எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கக்கூஸிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வரும், அங்கிருந்து இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி இரண்டு வாய்க்கால் பிரியும், ஒவ்வொன்றும் ஒரு குழிக்கு. ஒரு வாயைச் செங்கலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே குழிக்குப் போகும். குழியின் பக்கச் சுவரில் ஓட்டைகள் இருக்கும், அடியில் சிமெண்ட் தளம் கிடையாது. தண்ணீரை மண் குடித்துக்கொள்ளும், காற்றும் மண்ணுக்குள்ளேயே போய்விடும், அதனால் காற்றுப் போகத் தனிக் குழாய்கூடத் தேவையில்லை. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மீதியை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. ஏழு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு குழி நிரம்ப நாலரை வருடம் ஆனது என்றால் அதன் ரகசியம் இதுதான். நிரம்பியதும் செங்கலை எடுத்து, நிரம்பிய குழியின் வாயில் வைத்தால் இரண்டாவது குழி வேலை செய்ய ஆரம்பிக்கும், முதல் குழி சும்மா கிடந்து ஆறும். ஒன்றரை இரண்டு வருடம் ஆறினால் அது மலம் இல்லை, மண்.

கட்டும்போது கொத்தனாரோடு நடந்த சண்டையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதி வீடுகளில் காரியம் கெடுவது அந்த இடத்தில். அவர் நல்ல வேலைக்காரர், ஊரில் பாதி வீடு அவர் கட்டியது. "தங்கச்சி, மூணடிக் குழி எந்த மூலைக்கு? ஏழு பேரு இருக்கீக. பத்துக்குப் பத்து செப்டிக் டேங்கா தோண்டிருவோம், ஆயுசுக்கும் தொறக்க வேணாம்" என்றார். அப்பாவும் அவர் பக்கம். ஊரில் யாரைக் கேட்டாலும் பெரிய குழிதான் வேண்டும் என்பார்கள், ஏனென்றால் திறப்பதை நினைக்கவே யாருக்கும் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தத் தொட்டிக்குப் பொருளும் கூலியும் சேர்த்து எண்பதாயிரத்தைத் தாண்டும் என்று அவரே சொன்னார். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 31,000 ரூபாய், அதில் 12,000 திட்டப் பணமாகத் திரும்ப வந்துவிட்டது. மூன்றடி விட்டம், ஓரடி உயரச் சிமெண்ட் உறை எட்டு வாங்கினோம், குழிக்கு நாலு. உறை வார்க்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லி ஓட்டையோடு வார்க்கச் சொன்னோம், இல்லாவிட்டால் சாதாரணக் கிணற்று உறையைத் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டு குழிக்கும் நடுவில் மூன்றரை அடி இடைவெளி விட்டோம். அது முக்கியம், ஒட்டித் தோண்டினால் ஓடுகிற குழியின் தண்ணீர் ஆறுகிற குழிக்குள் கசியும்.

எங்கள் நிலம் செம்மண்ணும் சரளையும், தண்ணீர் சட்டென்று இறங்கும். கரிசல் பூமிக்காரர்கள் இதே அளவில் கட்டக் கூடாது, அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், குழியைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து உறையைச் சுற்றி மணலும் உடைசெங்கலும் கொட்ட வேண்டும். கிணறோ அடிபம்போ பக்கத்தில் இருந்தால் குறைந்தது 10 மீட்டராவது தள்ளிப் போங்கள். மழைக்காலத்தில் நாலடியிலேயே ஊற்றுத் தண்ணீர் வரும் ஊராக இருந்தால் பள்ளத்தைக் குறைத்து, தரையை மேடாக்கித்தான் கட்ட வேண்டும்.

கோப்பை பற்றித் தனியாக எழுத வேண்டும். இதற்கு ரூரல் பேன் என்று ஒரு கோப்பை இருக்கிறது, சாதாரணக் கோப்பையைவிடச் சரிவு அதிகம், கீழே வளைவில் தேங்கும் தண்ணீர் 20 மில்லிமீட்டர் ஆழம்தான். அதனால் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விடும். சாதாரணக் கோப்பையில் ஆழம் 50 மில்லிமீட்டர், அரை வாளியாவது வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி பார்த்தார்கள், கடைசியில் மதுரையில் வாங்கி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். இவ்வளவு சிரமம் எதற்கு என்று தம்பி கேட்டான். தண்ணீர் சுமப்பது யார் என்று அவனிடம் கேட்டேன். எங்கள் ஊரில் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஏழு பேர் கழுவவும் ஊற்றவும் ரூரல் பேனில் ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று குடம் போதும். சாதாரணக் கோப்பை என்றால் அது ஆறு குடத்துக்கு மேல் போகும், அந்த ஆறு குடமும் என் அம்மா இடுப்பிலோ தம்பி மனைவி இடுப்பிலோதான் வரும். காட்டுக்குப் போனால் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். கக்கூஸ் வந்ததும் பெண்களுக்கு வேலை கூடிப்போய், கடைசியில் "தண்ணி இல்ல, காட்டுக்குப் போங்க" என்று அவர்களே ஆண்களை விரட்டிவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருடத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை என்றால் முழுக்காரணம் இந்தக் கோப்பை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று மாதத்தில் சில சின்ன விஷயங்களைத் திருத்தினோம். விளக்குப் போடாமல் விட்டிருந்தோம், அப்பத்தா ராத்திரியில் போக மறுத்தார், குண்டு பல்பு ஒன்றும் வெளியே ஒரு சுவிட்சும் வைத்ததும் போக ஆரம்பித்தார். உட்கார்ந்து எழ முடியவில்லை என்றதும் சுவரில் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தோம். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள். உள்ளேயே ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் எப்போதும் தண்ணீர். சொன்னால் ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியும், ஆனால் ஒரு வீட்டில் கக்கூஸ் ஓடுவதும் விறகு அடுக்கப்படுவதும் இதில்தான் முடிவாகிறது. அப்பத்தா இறப்பதற்கு முந்தின இரண்டு வருடம் நடமாட்டம் குறைந்துவிட்டது. அந்த இரண்டு வருடமும் யாருடைய தோளையும் பிடிக்காமல், மானத்தோடு தானே போய்விட்டு வந்தார். எனக்கு இந்த 31,000 ரூபாய் அதற்கு மட்டுமே செரித்துவிட்டது.

இனி அப்பா. கக்கூஸ் கட்டின வீட்டிலேயே ஒருவர் காட்டுக்குப் போவது எங்கள் வீட்டு வினோதம் இல்லை. 2014இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா மாநிலக் கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், கழிப்பறை இருந்த வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது ஒரு ஆளாவது வெளியேதான் போனார். அங்கேயும் சொன்ன காரணங்கள் அப்பா சொன்னவைதான். நடந்தால்தான் வயிறு இளகும். வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நாலு பேரோடு பேசிக்கொண்டே போவது ஒரு சுகம். சோறு ஆக்குகிற வீட்டு வாசலுக்குள் அதையும் வைத்துக்கொள்வதா? இதையெல்லாம் நான் இளக்காரமாக நினைக்கவில்லை, அறுபது வருடப் பழக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு. ஒருநாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "நானும் போனா இன்னும் வெரசா ரொம்பிப் போகும். பொம்பளைக போகட்டும், எனக்கென்ன, நான் எங்கிட்டும் போயிக்கிருவேன்." அவர் மனதில் அது ஒரு பானை மாதிரி. அவர் போகாமல் இருந்தால் எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று மிச்சம் பிடித்திருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபம் போய்விட்டது.

ஆனால் விட்டுவிடவும் முடியாது. ஒருவர் காட்டுக்குப் போனாலும் கெடுதல் மொத்த ஊருக்கும்தான். கொக்கிப்புழு முட்டை மலத்தோடு ஈரமண்ணில் விழுந்து பொரிந்து, செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளையின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போகிறது, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது, ஆனால் பிள்ளை மாத்திரையை முழுங்கிவிட்டு அதே கண்மாய்க்கரையில் வெறுங்காலோடு ஓடினால் புழு திரும்ப வந்துவிடும். 2019 அக்டோபர் 2 அன்று இந்தியக் கிராமங்கள் எல்லாம் திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமங்கள் ஆகிவிட்டதாக அறிவித்தார்கள். மறுநாள் காலை எங்கள் கண்மாய்க்கரையில் எப்போதும் போல ஆள் இருந்தார்கள், அப்பாவும் இருந்தார்.

2021 கார்த்திகையில் விடாத மழை. கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் தேங்கித் தேங்கிப் போனது. தம்பி தொட்டி மூடியைத் திறந்து பார்த்தான், முதல் குழி வாய்வரை வந்துவிட்டது. நாலரை வருடம். அப்பா முகத்தில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பது தெரிந்தது. தம்பி செங்கலை எடுத்து இந்தப் பக்கத்து வாயில் வைத்து, களிமண்ணைப் பிசைந்து பூசினான். அரைமணி நேர வேலை. அடுத்த வாளித் தண்ணீர் கடகடவென்று இரண்டாவது குழிக்கு இறங்கியது. மூடியின் மேல் ஆணியால் தேதியைக் கீறி வைத்தோம், இல்லாவிட்டால் எப்போது அடைத்தோம் என்பதே மறந்துபோகும்.

இரண்டரை வருடம் கழித்து, 2024 மே, நல்ல வெயில் காலம் பார்த்துத் திறந்தோம். கையுறை, ரப்பர் பூட்ஸ், மூக்குக்குத் துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். மூடியை நெம்பிய தம்பி ஒரு அடி பின்னால் போய்விட்டான், வாடை வரும் என்று. வரவில்லை. மழை பெய்து காய்ந்த தோட்டத்தில் வரும் வாசம் மட்டும்தான். நிரம்பிக் கிடந்தது முக்கால்வாசியாக அமுங்கிப் போயிருந்தது. கறுத்த பழுப்பு நிறம், மண்வெட்டி போட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்துத் தென்னையின் வேர் உறை ஓட்டை வழியாக நுழைந்து சல்லடை மாதிரி பின்னிக் கிடந்தது. அழியாமல் இருந்தவை நாலைந்து ஷாம்பூ பாக்கெட்டும் பிள்ளைகள் போட்ட ஒரு கோலிக்குண்டும். நாற்பது சட்டிக்கு மேல் அள்ளினோம். அடியில் அரையடி மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது, அதைத் தனியே வெயிலில் பரப்பிக் காயவிட்டோம். தென்னைக்கும் வாழைக்கும் போட்டோம், கீரைப் பாத்திக்குப் போடவில்லை, பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் போடாமல் இருப்பதே நல்லது.

அள்ளிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "ஏப்பா, இதுக்குன்னு உள்ள ஆளக் கூப்புடாம வீட்டுப் புள்ளைகளே எறங்கி அள்ளுறதா?" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. குழி ரொம்பிரும் என்ற பயத்துக்குள் ஒளிந்திருப்பதும் இதுதான். ரொம்பினால் அள்ள வேண்டும், அள்ளுவது நம்ம சாதிக்காரர் செய்கிற வேலை இல்லை, அதற்கென்று ஒரு சாதி இருக்கிறது என்ற நினைப்பு. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993 சட்டம் தடை செய்தது, 2013 சட்டம் செப்டிக் டேங்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. இருந்தும் இறக்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையக் கணக்கில் இப்படிச் செத்தவர்கள் அதிகமுள்ள மாநிலம் நம் தமிழ்நாடு. பத்துக்குப் பத்து டேங்க் கட்டி ஆயுசுக்கும் திறக்க வேண்டாம் என்பவர்கள், ஒருநாள் அது அடைத்துக்கொள்ளும்போது யாரை இறக்குவார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். லாரி வந்து உறிஞ்சினாலும் எங்கள் பக்கத்தில் அது போய்க் கொட்டுவது ஓடையில்தான், நானே பார்த்திருக்கிறேன். இந்த நாலடிக் குழியில் அப்படி யாரையும் பலி கொடுக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் வெளியே நின்றே அள்ளலாம். ஆறியது மண், மண்ணை அள்ள எந்தச் சாதியும் தேவையில்லை. அந்தப் பெரியவரிடம் தம்பி ஒன்றும் பேசவில்லை, ஒரு சட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான். குனிந்து பார்த்தார், போய்விட்டார்.

அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருந்தார். பதினைந்தாவது சட்டி வாக்கில் எழுந்து வந்து, குவியலில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், விதைப்புக்கு முன்னால் வயல் மண்ணைப் பார்ப்பது போல. "எருதான்டா" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் வீட்டிலேயே போகிறார். வயலில் வேலையாக இருக்கும் நாட்களில் இன்னும் அங்கேயே ஒதுங்குகிறார் என்று அம்மா சொல்கிறார். மண்வெட்டியைக் கூட எடுத்துப் போய்க் குழி தோண்டி மூடச் சொல்லியிருக்கிறேன், செய்கிறாரா தெரியவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கோப்பையில் தேங்கும் தண்ணீர் குறைவு என்பதால், கோடையில் நாலைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அது வற்றி வாடை வரும், திரும்பி வந்ததும் ஒரு செம்பு ஊற்றினால் நின்றுவிடும். ஆசிட், பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கு இது சரிவராது, குழிக்குள் வேலை செய்யும் கிருமியைக் கொன்றுவிட்டுக் குழி சீக்கிரம் நிரம்புகிறது என்று புலம்பக் கூடாது. நாங்கள் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும்தான். குளிக்கிற தண்ணீரையும் இதில் விடக்கூடாது, அதை வாழைக்குத் திருப்பிவிட்டோம். நாப்கின் போட்டால் கண்டிப்பாக அடைத்துக்கொள்ளும், ஒரு தடவை அடைத்து மூங்கில் கழியால் தம்பி ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினான், அதற்குப் பிறகு உள்ளே மூடிபோட்ட வாளி ஒன்று வைத்தாயிற்று. குழி மூடி தரை மட்டத்தில் இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும், நாங்கள் முதலில் அந்தத் தப்பைச் செய்தோம், 2021 மழையில் அவ்வளவு சீக்கிரம் தேங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இப்போது நாலு விரற்கடை உயர்த்திச் சுற்றிலும் மண் அணைத்திருக்கிறோம். பிவிசி கதவு எட்டு வருடத்தில் ஒரு தடவை மாற்றினோம், 1,900 ரூபாய்.

வீட்டில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இந்த அளவு போதாது, பெரிய குழி வேண்டும் அல்லது இரண்டு கக்கூஸ். நகரத்தில் இடமில்லாமல் நெருக்கி வீடு கட்டியிருப்பவர்களுக்கும் இது ஆகாது, தண்ணீர் இறங்க மண் வேண்டுமே. வாடகை வீடு கட்டுகிறவர்கள் கட்டலாமா என்று பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கேட்டார். கட்டலாம், ஆனால் செங்கலை மாற்றுவதையும் தேதி எழுதி வைப்பதையும் குடியிருப்பவர் பொறுப்பில் விடாமல் வீட்டுக்காரரே செய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் தொடராகக் குழாய் போட்ட வீடுகளில் இரண்டு வீட்டுக்காரர்கள் இந்த வருடம் வந்து தம்பியிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். அவற்றைத் திருத்துவது கஷ்டமில்லை, குழிகளுக்கு நடுவில் போகும் குழாயை எடுத்து அடைத்துவிட்டு, முன்னால் ஒரு தொட்டி கட்டி வாய்க்காலைப் பிரித்தால் போதும், கொத்தனார் கூலியோடு நாலாயிரத்துக்குள் முடியும் என்று தம்பி கணக்குச் சொல்லியிருக்கிறான். ஒருவர் சித்திரையில் வேலையைத் தொடங்கிவிட்டார், அதே கொத்தனார்தான் செய்கிறார், உறையில் ஓட்டை இருக்கிறதா என்று இப்போது அவரே முதலில் பார்க்கிறாராம். எங்கள் இரண்டாவது குழி 2026 வாக்கில் நிரம்பும் என்று நினைக்கிறோம். அப்பாவும் இப்போது போகிறார் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே நிரம்பலாம். அதன் மூடியில் ஒரு ஓரம் விரிசல் விட்டிருக்கிறது, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாற்ற வேண்டும்.